அவர் சொன்ன சொற்களிலேயே

கோர்ட்டுக் குமாஸ்தாக்களுக்கு வகுப்பெடுக்க யாரும் முன்வரவில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

அறுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. பகலில் சட்டக் கல்லூரி மாணவர்களுக்குக் குற்றவியல் சட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. சாந்தோமில் அப்பா அம்மாவோடு இருந்தேன். அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா, அத்தை, அக்கா எல்லோருமே ஆசிரியர்கள். எங்கள் வீட்டில் வாத்தியார் வேலை என்பது யோசித்து எடுக்கும் முடிவு அல்ல, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவது மாதிரி.

அடையாறில் ஆற்றங்கரையை ஒட்டிய பழைய பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்து, மாஜிஸ்திரேட்டுகளுக்கும் கோர்ட்டு ஊழியர்களுக்கும் பயிற்சி வகுப்புகள் நடத்தத் தொடங்கியிருந்தார்கள். சனிக்கிழமை மாஜிஸ்திரேட்டுகள், புதன்கிழமை சாயங்காலம் குமாஸ்தாக்கள். சனிக்கிழமை வகுப்புக்குப் பெரிய வக்கீல்களும் ஓய்வு பெற்ற நீதிபதிகளும் வரிசையில் நின்றார்கள். புதன்கிழமைக்கு ஒருவரும் இல்லை. "புதன்கிழமையையும் நீங்க எடுத்துண்டா சனிக்கிழமையில ஒரு மணி நேரம் தரேன்" என்றார் டைரக்டர். ஒப்புக்கொண்டேன்.

டைரக்டர் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. மயிலாப்பூர் மாடவீதியில் வீடு. மரியாதையான மனிதர். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாடத்திட்டத்தை மேசையில் விரித்து வைத்து, இரண்டு பிரிவுகளைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"மத்ததெல்லாம் நீங்க எடுங்கோ. இது ரெண்டு மட்டும் வேண்டாம்."

பெண்களை வன்முறையால் கெடுப்பதைப் பற்றிய பிரிவுகள். அன்றைய சட்டப் புத்தகத் தமிழில் அதற்கு இருந்த பெயரை இப்போது எழுத எனக்கு விருப்பமில்லை.

"ஏன் சார்?"

"எல்லாரும் ஆம்பளைகள். உங்களுக்கும் சங்கடம், அவாளுக்கும் சங்கடம்."

"எனக்கு ஒன்றும் சங்கடம் இல்லை சார்."

"எனக்கு இருக்கேம்மா" என்றார்.

அந்தப் பாடத்தை ஒரு மூத்த வக்கீல் இருபது நிமிடத்தில் முடித்தார். பக்கத்து அறையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சுவரைத் தாண்டி மூன்று தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பாடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எழுந்து போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு அடுத்த மணிக்கு என் பாடத்தை எடுத்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

நடைமுறைச் சட்டத்தில் ஒரு சின்ன வாக்கியம் உண்டு. கோர்ட்டில் நிறுத்தப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதலை முடிந்தவரை அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும். இவ்வளவுதான். மாணவர்கள் இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். நான் திருப்ப விடமாட்டேன். ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்குமேல் சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. தண்டனை கூடுதல் என்று வேண்டுமானால் முறையிடலாம். நான் செய்யவே இல்லை என்று பிறகு அப்பீல் போக முடியாது. அதனால்தான் அந்த மனிதர் வாயிலிருந்து நிஜமாகவே என்ன வந்தது என்பது காகிதத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது.

ஒரு புதன்கிழமை இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெஞ்சு கிளார்க் கையைத் தூக்கினார். பெஞ்சு கிளார்க் என்பவர் மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே உட்கார்ந்து கேஸ் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பவர். பெயர்களைக் கூப்பிடுவதும், பதிவேட்டை எழுதுவதும் அவர்தான். இவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ராயப்பேட்டைக்காரர். வகுப்பில் தூங்காத மிகச் சிலரில் ஒருவர்.

"அம்மா, ஒரு டவுட்டு. பெட்டி கேஸுக்கு இத்தெல்லாம் யாரு எழுதிக்கினு இருப்பாங்க? எங்க கோர்ட்ல அதுக்கு சீல் கீது."

தெருவில் கடை போட்டது, லைட் இல்லாமல் சைக்கிள் ஓட்டியது, குடித்துவிட்டுச் சத்தம் போட்டது மாதிரியான சில்லறை வழக்குகளைத்தான் பெட்டி கேஸ் என்பார்கள்.

"என்ன சீல்?" என்றேன்.

"ரப்பர் சீல்மா. நான்தான் ஐடியா குடுத்தேன். அடுத்த வாரம் எடுத்தாந்து காட்டறேன்."

அடுத்த புதன்கிழமை கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். மரக் கைப்பிடி. என் நோட்டுப் புத்தகத்திலேயே ஒன்று அடித்துக் காட்டினார். ஊதா மையில் இரண்டு வரி. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குற்றத்தை ஒப்புக்கொண்டு கருணை வேண்டுகிறார் என்று பொருள். வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன.

"இதை எப்போது அடிப்பீர்கள்? அவர் ஒப்புக்கொண்ட பிறகா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "காலீலயே அடிச்சி வெச்சிருவோம்மா. ஒம்போதரைக்கு வந்தன்னா அத்தான் மொத வேலை. அய்யா வந்து உக்காரச் சொல்லோ ரெடியா இருக்கும், கையெழுத்துதான் பாக்கி."

வகுப்பில் இருந்த மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "எங்க கோர்ட்டுக்கும் ஒண்ணு பண்ணிக்கணும்ப்பா, எங்க செஞ்ச?" என்று கேட்டார். பாண்டி பஜாரில் ஒரு கடை என்று இவர் சொன்னார். இன்னொருவர் அதை எழுதிக்கொண்டார். நான் கரும்பலகையில் எழுதியிருந்த வாக்கியம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கடை விலாசத்தை எழுதினார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், பாலத்தைத் தாண்டுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு, நோட்டில் இருந்த அந்த ஊதா வரிகளையே பார்த்தேன். அந்தக் கிளார்க் மேல் கோபமில்லை. எத்தனை வருடமாக நான் யாருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவருடைய கோர்ட்டுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்; சின்ன அறை, மேசை அங்கிருந்தே தெரிந்தது. கோர்ட்டு என்பது யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கக்கூடிய இடம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. மாஜிஸ்திரேட் வந்து உட்கார்ந்தார். என் சனிக்கிழமை வகுப்பில் முதல் வரிசையில் இருப்பவர். எந்தக் கேள்விக்கும் சரியான பதில் சொல்பவர். அவருக்குக் கீழே என் புதன்கிழமை கிளார்க். என்னைப் பார்த்துவிட்டு அவர் மட்டும் லேசாகச் சிரித்தார். தன் வேலையை வாத்தியாரம்மா பார்க்க வந்திருக்கிறார் என்ற பெருமை அந்தச் சிரிப்பில் இருந்தது.

பெயர்கள் கூப்பிடப்பட்டன. ஒவ்வொருவரும் கூண்டில் ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான் வழக்கு. "கடை போட்டியா?" "சார், வந்து..." "இனிமே செய்யாதே." அடுத்த பெயர்.

பிறகு ஒரு பெண் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பனகல் பார்க் வெளியே கொய்யாப்பழமும் மாங்காய்க் கீற்றும் விற்பவர். நடைபாதையை மறித்துக் கடை போட்டார் என்பது வழக்கு. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை நான் அப்படியே நோட்டில் எழுதினேன்.

"நேத்து நான் அங்க இல்லவே இல்ல சாமி. ஊட்டுக்காரரு ராயப்பேட்டை ஆஸ்பத்திரில கீறாரு, கால்ல ஆபரேசன். கூடைய பக்கத்துக் கடைக்காரிகிட்ட வுட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தா கூடைய வேன்ல ஏத்தி வெச்சிருந்தாங்க. அத்தக் குடுங்கன்னு கேட்டேன். என்னியும் ஏத்திட்டாங்க."

மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கவில்லை. காகிதத்தின் மறுபக்கத்தைப் பார்த்தார்.

"முன்னாடியே மூணு கேஸ் இருக்கு. உனக்கெல்லாம் ஃபைன் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அஞ்சு நாள் உள்ளே இரு."

"ஊட்டுக்காரரு தனியா கீறாரு சாமி..."

அந்த ஊதா முத்திரைக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்து" என்றார்.

கிளார்க் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை. எங்களை, அதாவது பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களை, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பார்த்தார். வாய் திறந்திருந்தால் என்னால் ஏதாவது நடந்திருக்குமா என்று தெரியாது. நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அந்த நோட்டையே எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்ன ஏது என்று கேட்டார். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர், "அந்த மாஜிஸ்திரேட் உன் மாணவன்தானே? அவன்கிட்டயே கேள்" என்றார்.

சனிக்கிழமை வகுப்பில் இருபது மாஜிஸ்திரேட்டுகள் இருந்தார்கள். அந்தப் பெண் சொன்ன ஆறு வாக்கியங்களையும் மெதுவாகப் படித்தேன். பெயர், கோர்ட்டு எதையும் சொல்லவில்லை.

"ஒரு பெட்டி கேஸ். கூண்டில் நிற்பவர் சொன்னது இது. இதை எப்படிப் பதிவு செய்வீர்கள், அடுத்து என்ன செய்வீர்கள்? எழுதுங்கள்."

பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் சரியாகவே எழுதியிருந்தார்கள். இவர் குற்றத்தை மறுக்கிறார். தான் அங்கே இல்லை என்கிறார். ஆகவே சாட்சிகளை விசாரிக்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்த விடை அந்த மாஜிஸ்திரேட்டுடையது. பக்கத்துக் கடைக்காரியைச் சாட்சியாக அழைக்க எதிரிக்கு அவகாசம் தர வேண்டும் என்றுகூட எழுதியிருந்தார். அழகான கையெழுத்து.

அவருக்கு ஞாபகமே இல்லை. ஐந்து நாளுக்கு முன்னால் தன் எதிரில் நின்று ஒருத்தி சொன்ன சொற்கள் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பொய் சொல்லி மழுப்புவார் என்று தயாராக வந்திருந்தேன். இதற்கு நான் தயாராக இல்லை.

"இது திங்கட்கிழமை காலை உங்கள் கோர்ட்டில் நடந்தது" என்றேன். "ஒப்புக்கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண் இன்னும் சிறையில் இருக்கிறார்."

அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"மேடம், நீங்க ஒருநாள் என் சேர்ல உட்கார்ந்து பாருங்க. காலைல நூறு கேஸ் வந்து நிக்கும். ஒவ்வொருத்தன் கதையையும் கேட்டா ராத்திரி வரைக்கும் கேக்கணும்."

"கேளுங்கள்" என்றேன். "அதுதானே வேலை?"

"புத்தகத்தை வெச்சுக்கிட்டுப் பேசறது ஈஸி. ஒரு கேஸ் நடத்தியிருக்கீங்களா நீங்க?"

பின்வரிசையில் ஒரு பெரியவர், "அம்மா, பெட்டி கேஸுக்கு இவ்வளவு ஆவேசமா?" என்று சமாதானமாகக் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது, ஏற்கெனவே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை விடவில்லை.

"உங்கள் மனைவியை வேனில் ஏற்றி ஐந்து நாள் உள்ளே வைத்தால் அது பெட்டி கேஸா சார்?"

அந்தப் பெரியவர் எழுந்து வெளியே போனார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் போனார்கள்.

திங்கட்கிழமை டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு புகார்க் கடிதம் இருந்தது.

"நீங்க பாடம் எடுக்கறேளா, இன்ஸ்பெக்‌ஷன் பண்றேளா?"

"இரண்டும் ஒன்றுதான் என்று இப்போதுதான் தெரிந்தது சார்."

"ஆத்திரப்படாதேங்கோம்மா. அவர் நல்ல ஆபீசர். ஜட்ஜை கிளாஸ்ல வெச்சு அவமானப்படுத்தினா நாளைக்கு யாரு வருவா?"

"அந்தப் பெண்ணைக் கூண்டில் வைத்து அவமானப்படுத்தியது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமை கிளாஸ் இனிமே வேண்டாம். புதன்கிழமையும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றார். கடைசிவரைக்கும் குரலை உயர்த்தவில்லை.

அன்றைக்கே பனகல் பார்க்குக்குப் போனேன். விசாரித்து அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். வெளியே வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கூடையைத் திருப்பித் தரவில்லையாம். ஒரு சாக்கை விரித்து அதன்மேல் பழங்களை அடுக்கியிருந்தார். நான் யார் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பார்க் கம்பியில் சாய்ந்துகொண்டு, "குந்து" என்றார். உட்கார்ந்தேன்.

"உங்கள் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்?"

"கீறாரு. நா எங்கியோ ஓடிப்பூட்டேன்னு நெனச்சிக்கினாராம். அஞ்சு நாளும் பக்கத்துக் கட்டில்காரன் பொஞ்சாதிதான் கஞ்சி ஊத்திச்சாம்."

"நீங்கள் கோர்ட்டில் ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள்" என்றேன்.

"இன்னா ஒத்துக்கினேன்னு?"

"கடை போட்டது தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்று நீங்கள் சொன்னதாக."

பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அதுவரைக்கும் சோர்ந்து போயிருந்த முகத்தில் சடாரென்று ஒரு வேகம் வந்தது.

"நான் எப்பொ ஒத்துக்கினேன்? ஆஸ்பத்திரில இருந்தேன்னு சொன்னேன். நீயுந்தானே அங்க குந்திக்கினு இருந்த, நீயே சொல்லு, ஒத்துக்கினேனா?"

"இல்லை."

"உள்ள வெச்சது கூட போவுது. நா சொல்லாதத சொன்னேன்னு எப்படி எழுதலாம்? இன்னா நெனச்சிக்கினு கீறாங்க? அந்தக் காயிதத்தக் கிழிச்சிப் போட முடியுமா?"

எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டிருந்தேன். தண்டனை முடிந்துவிட்டது, பதிவேட்டில் ஒப்புதல் இருக்கிறது, பதிவேடு பொய் என்று எந்தக் கோர்ட்டும் லேசில் சொல்லாது, மறுபடி வருடக்கணக்கில் அலைய வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். நீங்கள் சரி என்றால் நான் கூடவே வருகிறேன் என்றும் சொன்னேன்.

"மறுக்கா கோர்ட்டாண்ட போனா மறுக்கா இன்னா எழுதுவாங்களோ" என்றார். பிறகு, "வோணாம் நீ போ. யாவாரம் கெடுது" என்றார். அப்போதும் கோபம் தணியவில்லை. நான் எழுந்து ரோட்டைக் கடக்கும்வரைக்கும் பக்கத்துக் கடைக்காரியிடம், "ஒத்துக்கினேனாம், கேட்டியா அநியாயத்த" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

அடுத்த சில வாரங்களில் வேறொன்று நடந்தது. புகார்க் கடிதம் மேலே போனது; அந்தக் கோர்ட்டுக் கட்டுகளை வரவழைத்துப் பார்த்தார்கள். அனுமதி இல்லாமல் முத்திரை செய்தது யார் என்று கேள்வி வந்தது. அப்படி ஒரு முத்திரை இருப்பதே தனக்குத் தெரியாது என்று மாஜிஸ்திரேட் எழுதிக் கொடுத்துவிட்டார். கிளார்க்கை சஸ்பெண்ட் செய்தார்கள். அந்தப் பெண்ணுக்காக நான் போட்ட சத்தம் போய் இவர் தலையில் விழுந்திருக்கிறது.

ராயப்பேட்டையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். ஒரே அறை. கதவைத் திறந்த மனைவி, "நீங்கதானா அந்த டீச்சர்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்குக் கோவம் வந்துச்சு. எனக்கு சஸ்பென்ஷன் வந்துச்சு" என்றார்.

"தப்புதான். உங்கள் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் யோசித்திருக்க வேண்டும்."

"அந்த சீல எதுக்குப் பண்ணேன்னு ஒருநாளாவது கேட்டீங்களாம்மா? முன்னெல்லாம் கையால எழுதுவோம். சாய்ங்காலம் வரைக்கும் ஆவும். அதுங்க எல்லாம் தண்ணிகூட இல்லாம வராந்தால குந்திக்கினு இருக்கும், கைக்கொழந்தையெல்லாம் வெச்சிக்கினு. சீலு வந்தப்பறம் பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பிடறோம். எப்படியும் அய்யா யாரையும் கேக்கப் போறதில்ல. சீக்கிரமாவது போவட்டுமேன்னுதான்."

இவரிடம் இரக்கம் இருந்தது. அந்த இரக்கமும் கடைசியில் அந்த ஊதா மையாகத்தான் ஆகியிருந்தது. கேட்க வேண்டியவர் கேட்டிருந்தால் இவர் கடைக்குப் போய் ரப்பர் முத்திரைக்குச் சொல்லியிருக்கவே வேண்டாம். அவரோ அழகான கையெழுத்தில் சரியான விடை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"விசாரணையில் என்னைச் சாட்சியாகப் போடுங்கள்" என்றேன். "முத்திரை அடித்த ஒவ்வொரு தாளிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. தெரியாது என்பது பொய். நான் சொல்கிறேன்."

நம்பிக்கை இல்லாமல்தான் ஒப்புக்கொண்டார்.

இலாகா விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி எனக்கு நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார். நான் அரைமணி நேரம் பேசினேன். அந்தத் திங்கட்கிழமை என் கண்ணால் பார்த்தது, முத்திரையின் கீழே மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டது, ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காதது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டச்சருக்கு வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் தாளை என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

படித்தேன். 'முத்திரை பயன்படுத்தப்பட்டதைச் சாட்சி பார்த்திருக்கிறார். அது மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியுமா என்பது பற்றிச் சாட்சிக்கு நேரடியாக எதுவும் தெரியாது.'

"நான் இதைச் சொல்லவில்லை" என்றேன்.

"சாராம்சம் அதுதானே மேடம்."

"என் சாராம்சத்தை நீங்கள் எடுக்க வேண்டாம். நான் சொன்னதை எழுதுங்கள்."

"அவர் மனசுல என்ன இருந்ததுன்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்?"

"மனசைப் பற்றி நான் பேசவே இல்லை. முத்திரைக்குக் கீழே கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். அந்த வாக்கியம் எங்கே?"

கையெழுத்துப் போட மறுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. காப்பி ஆறிப்போனது. ஒரு மணி நேரம் கழித்து, தட்டச்சரைக் கூப்பிட்டு மறுபடி எழுத வைத்தார். இரண்டாவது தடவையும் ஒரு சொல்லை மாற்றியிருந்தார். அதையும் திருத்த வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து படியில் நின்றேன். எனக்கு மேற்படிப்பு இருக்கிறது, ஆங்கிலம் தெரியும், உட்கார நாற்காலி கொடுத்தார்கள், என்னை ஜெயிலில் வைக்க அவர்களால் முடியாது. அப்படிப்பட்ட என் வாயிலேயே என் கண் முன்னாலேயே வேறு சொற்களை வைக்கப் பார்த்தார்கள். கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் எந்த மூலைக்கு? சட்டத்தில் அந்த வாக்கியத்தை எழுதியவன் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான். அதைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தான் பார்க்க மறுக்கிறார்கள்.

என் சாட்சியத்தால் கிளார்க்கின் வேலை தப்பியது. ஆனால் பெஞ்சு கிடைக்கவில்லை. பழைய கட்டுகளை அடுக்கும் ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். மாஜிஸ்திரேட் மீது ஒரு நடவடிக்கையும் இல்லை. இரண்டு வருடத்தில் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போனார். அவருக்குப் பிரிவு உபசாரம் நடந்ததாகவும் எல்லோரும் அவருடைய சட்ட அறிவைப் புகழ்ந்ததாகவும் கேள்விப்பட்டேன். புகழ்ந்ததில் பொய் இல்லை. அவருக்குச் சட்டம் நன்றாகத் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எழுபதுகளின் நடுவில் புதிய நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்தது. எல்லா எண்களும் மாறின. பழைய புத்தகங்களை மனப்பாடம் செய்திருந்த பெரியவர்கள் தடுமாறினார்கள். அடையாறு பங்களாவில் புது டைரக்டர் வந்திருந்தார். அவர் என்னைக் கூப்பிட்டு, "பழசையெல்லாம் மறந்துடுங்க மேடம். சனிக்கிழமை கிளாஸ் முழுக்க நீங்களே எடுங்க" என்றார்.

"மாஜிஸ்திரேட்டுகளும் குமாஸ்தாக்களும் ஒரே வகுப்பில் உட்காரட்டும். எடுக்கிறேன்" என்றேன்.

"அது எப்படி மேடம்? தனக்குக் கீழ வேலை செய்யறவன் பக்கத்துல எந்த ஜட்ஜ் உட்காருவார்?"

"கோர்ட்டில் மூன்றடி தள்ளித்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்?"

அவர் சிரித்துவிட்டு, முடியாது என்றார். ஒன்றிரண்டு தடவை மட்டும் சனிக்கிழமை போனேன். பிறகு, புதன்கிழமை போதும், குமாஸ்தாக்களை மட்டும் எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னைத் தண்டித்துவிட்டார்கள் என்று கல்லூரியில் சிலர் அனுதாபப்பட்டார்கள். நான் திருத்தவில்லை.

புதிய சட்டத்தில் ஒரு புது ஏற்பாடு இருந்தது. சில்லறை வழக்குகளில் சம்மன் வந்தால், கோர்ட்டுக்கு நேரில் வராமலேயே, குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எழுதித் தபாலில் அனுப்பிவிடலாம். ஏழைகளுக்கு அலைச்சல் மிச்சம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். நான் எடுத்த அந்த ஒன்றிரண்டு சனிக்கிழமை வகுப்புகளில் ஒன்றில் இதைப் படித்தபோது மாஜிஸ்திரேட்டுகள் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். கூட்டம் குறையும் என்றார் ஒருவர்.

அடுத்த புதன்கிழமை குமாஸ்தாக்களிடம் படித்தேன். சைதாப்பேட்டையிலிருந்து வருகிற ஒரு பெண், சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்த டைப்பிஸ்ட், எழுந்து நின்றார். வகுப்பில் அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்க இன்னா பண்ணுவாங்க மேடம்? அவங்களுக்கு யாரு எழுதுவா?"

மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

"உங்களைப் போன்ற ஒருவர்தான் எழுதுவார்" என்றேன். "அவர்கள் சொன்னதையே எழுதுவாரா, அது ஒன்றுதான் எனக்குப் பயம். உட்காருங்கள், இன்றைக்கு முழுக்க இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்."